மெர்லினுக்கு நியாய விலை

நீதி என்று ஒன்று இந்தப் பூமியில் இன்னும் மிச்சமிருக்கிறது என்றால், அது யார்க்ஷயரில், ஹாக்ஸ்டேல் ஊர்ப் பொதுக்கூடத்தில், மாதத்தின் முதல் ஞாயிறு காலை பதினோரு மணியிலிருந்து தேநீர் ஆறும் வரை இருக்கிறது. அந்த நேரத்தில்தான் வென்ஸ்லி மெர்லின் உரிமையாளர் சங்கத்தின் 'மதிப்பீட்டுக் குழு' கூடுகிறது. நீதிமன்றங்கள்கூடச் சில சமயம் தவறிவிடும். எங்கள் குழு தவறியதில்லை. சங்கத்தின் கௌரவச் செயலாளர் என்ற முறையில் இதை நானே பலமுறை குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

மெர்லின் என்பது 1962-இல் வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. ஆகவே அதற்கு விலை என்ன என்று கடையில் போய்க் கேட்க முடியாது. எங்கள் குழு பார்த்து, இன்ன விலை நியாயம் என்று சான்றிதழ் தரும். இந்த வண்டிக்குக் காப்பீடு தருகிற ஒரே ஒரு நிறுவனம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சான்றிதழ் இல்லையேல் காப்பீடு இல்லை. காப்பீடு இல்லையேல் தெருவில் ஓட்ட முடியாது. எங்கள் உறுப்பினர் பதினொரு பேரின் வண்டிகளும் தலைக்கு முப்பத்தெட்டாயிரம் பவுண்டு என்று சான்று பெற்றவை. ஒருவர் வண்டியை மற்றவர் மதிப்பிட்டோம். இதைவிடப் பாரபட்சமற்ற ஏற்பாடு வேறெங்கும் இருக்க முடியாது.

இந்த நல்லொழுங்குக்குள்தான் வினிஃப்ரெட் வந்து சேர்ந்தார். எங்கள் பன்னிரண்டாவது உறுப்பினர், ஒரே பெண். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரு விவசாயியின் கொட்டகையில், தரை வழியாக முள்மரம் முளைத்துக் கிடந்த மெர்லின் ஒன்றை வாங்கி, ஆறு வருஷம் தன் கையாலேயே சரிசெய்தவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. உள்ளே உட்காருவது பெரிதில்லை, எழுந்திருக்கத்தான் கிரேன் வேண்டியிருக்கிறது என்றார். மாதக் கடைசியில் கராஜ் இல்லாத சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார். வண்டியைத் தபால்காரர் கீத் அக்ராய்டுக்குக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார். கீத் இதற்காகத் தன் மோட்டார் சைக்கிளை விற்றிருந்தான். சான்றிதழ் கிடைக்காவிட்டால் வண்டி ஒரு லண்டன் வியாபாரியிடம் போய், ஏதாவது ஓட்டலின் வரவேற்பறையில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்.

அவர் சொன்ன விலை, பதினாலாயிரத்து ஐந்நூறு.

எங்கள் தலைவர் மேஜர் ஸ்டானேஜ் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் ஒடிந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ராணுவத்தில் இருந்தவர், இழப்புகளைத் தாங்கத் தெரிந்தவர்.

விலை அதிகம் என்று புலம்புகிறவர்களை உலகம் பார்த்திருக்கிறது. குறைவு என்று கொதித்தெழுகிற உயர்ந்த உள்ளங்களை எங்கள் குழுவில்தான் பார்க்கலாம். ஒரு மெர்லின் பதினாலாயிரத்து ஐந்நூறுக்குக் கைமாறியது என்ற செய்தி காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனால், மற்ற பதினொன்றின் கதி என்ன? மேஜர் இதைச் சுயநலமாகப் பேசவில்லை. வினிஃப்ரெட் நஷ்டப்படக் கூடாதே என்றுதான் வருந்தினார்.

ஆய்வு தொடங்கியது. எல்லோரும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனோம். எங்கள் வண்டிகள் வழக்கம்போல் டிரெய்லர் மேல், போர்வை போர்த்திக்கொண்டு வந்திருந்தன. வினிஃப்ரெட் மட்டும், ஆய்வு நாளுக்கென்று அந்த நிறுவனம் தருகிற ஒரு நாள் காப்பீட்டில், மெர்லினை ஓட்டிக்கொண்டே வந்திருந்தார். நல்ல வளர்ப்புள்ள மனிதர்களாகிய நாங்கள் இதைக் கண்டும் காணாததுபோல் இருந்தோம்.

தொழில்நுட்ப உறுப்பினர் நெவில் லம்ப், ஓய்வுபெற்ற பல் டாக்டர். திருகாணிகளைப் பல் பார்க்கும் கண்ணாடியால்தான் பார்ப்பார். ஒன்றிலும் குறையில்லை. கதவு ஒரே தள்ளில் சாத்திக்கொண்டது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முனகாமல் கிளம்பியது. லம்பின் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசி நம்பிக்கையாக வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு தாளை இரு கையிலும் ஏந்திக்கொண்டு, துக்கச் செய்தி கொண்டுவந்தவர்போல உள்ளே வந்தார்.

"ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகல, மேஜர்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு பக்கமும் பாத்தேன். விளையாட்டுச் செய்திகூடப் படிக்க முடியுது."

இந்தச் சோகத்தின் ஆழம் மெர்லின்காரர்களுக்கே புரியும். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலேயே ஒழுகிய வண்டி அது. ஒழுகுவது அதன் பிறப்புரிமை. ஒழுகாத மெர்லின் என்றால் உள்ளே எண்ணெய் இல்லை, அல்லது அது மெர்லினே இல்லை.

வினிஃப்ரெட் சாதாரணமாகச் சொன்னார்: "மூணு பவுண்டு ரப்பர் வளையம் ஒண்ணு மாத்தினேன். அவ்வளவுதான்."

"வரலாற்றுல கை வச்சிருக்கீங்க," என்றார் மேஜர்.

"இல்ல மேஜர், ஓட்டையிலதான் கை வச்சேன்."

குழு பத்து நிமிடம் ஆழ்ந்து யோசித்து, கருணையோடு இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. விலையை முப்பத்தெட்டாயிரமாக உயர்த்தினால், ஒழுகாத குறையை மன்னித்து 'அசல் மெர்லின்' என்று சான்று தரப்படும். உயர்த்த மறுத்தால் அது 'மெர்லின் போன்றது' என்று பதிவாகும். போலிக்குப் பதினாலாயிரத்து ஐந்நூறு மிக அதிகம் என்பதால் அப்போதும் சான்று கிடைக்காது. அதாவது ஒரே விலை, ஒரே காலையில், அநியாயமாகக் குறைந்தும் அநியாயமாகக் கூடியும் இருந்தது. இப்படி ஒரு நுட்பத்தைச் சாலமோன் ராஜாவிடம்கூட எதிர்பார்க்க முடியாது.

கீத் கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். அவனால் இன்னும் ஆயிரம்கூடப் புரட்ட முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் செயலாளருக்குப் பாவம் பார்க்க விதியில் இடமில்லை.

"வினி, விடுங்க. எனக்காக நீங்க மல்லுக்கட்ட வேணாம். லண்டன்காரருக்கே குடுத்திடுங்க," என்றான்.

"சும்மா இரு, கண்ணு. உனக்குத்தான்னு சொல்லிட்டேன்," என்றவர் மேஜர் பக்கம் திரும்பினார். "நானும் சந்தா கட்டுற உறுப்பினர்தானே? ஒரு தீர்மானம் கொண்டு வரலாமா?"

விதிப்படி தாராளமாக வரலாம். முப்பத்தெட்டாயிரம் பவுண்டு நியாயமான விலை என்பதே தீர்மானம். அவர் மனம் மாறிவிட்டார் என்று எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. வழிமொழிகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பதினொரு கைகளும் உயர்ந்துவிட்டன.

"ரொம்ப சந்தோஷம். அப்ப இந்த வண்டிய அந்த நியாயமான விலைக்கு வாங்கிக்கிறவங்க கை தூக்குங்க. சாவி இதோ இருக்கு."

லம்ப் தன் கேக்கிலிருந்த திராட்சைகளை எண்ணத் தொடங்கினார். மேஜர் கூரையில் ஈரம் படிந்த இடத்தை ஆராய்ந்தார். ஒரு கை அசைந்தது. அது சர்க்கரைக் கிண்ணத்துக்காக.

"சரி, வாங்க வேணாம். தன்னோட வண்டிய அதே விலைக்கு இப்பவே வித்துடறவங்க?"

நல்ல சங்கத்தில் இருபது வருஷம் பழகியவர்களுக்குக் கை தன்னால் எழும்பும். அன்று எழும்பிய வேகத்தில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் கவிழ்ந்தன. மேஜர் எழுந்து நின்றே தூக்கினார். கைகளை எண்ணிக் குறித்துக்கொள்வது செயலாளரின் கடமை. என்னால் முடியவில்லை. நான் இரண்டு கையையும் தூக்கியிருந்தேன்.

கீத்தான் முதலில் சிரித்தான். அதன் பிறகே எங்களுக்கு உறைத்தது: அந்த நியாயமான விலைக்கு விற்க எல்லோரும் உண்டு, வாங்க ஒருவரும் இல்லை.

"டவுசன், இதையெல்லாம் எழுதியாச்சா?" என்று வினிஃப்ரெட் என்னைக் கேட்டார். கையை இறக்கியதும் எழுதியாகிவிட்டது. கூட்டத்தில் நடந்ததை எழுதாமல் விட என் பேனாவுக்குத் தெரியாது. அந்தக் குறிப்பேட்டின் நகல் வியாழக்கிழமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும்; அதுவும் விதி.

மேஜர் என்னைத் தனியே அழைத்து, தேநீர் பரிமாறப்பட்டது என்று மட்டும் எழுதினால் போதாதா என்று விசாரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். எனக்கும் அதுவே ருசித்தது. ஆனால் வினிஃப்ரெட் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல, மேஜர். தேநீர்னே எழுதட்டும். கீத்துக்குச் சான்றிதழ் மட்டும் குடுத்திடுங்க. அசல் மெர்லின், பதினாலாயிரத்து ஐந்நூறு."

அந்தத் தொகையைக் காப்பீட்டுக்காரர்கள் பார்த்தால் மற்ற பதினொன்றையும் அதே தராசில் வைத்துவிடுவார்களே! குழு அவசரமாகச் சமையலறையில் கூடி, இருபது நிமிடத்தில் ஒரு வாசகத்தைக் கண்டுபிடித்தது. மேஜர் கையெழுத்திட்டார், லம்ப் கையெழுத்திட்டார், நான் முத்திரை குத்தினேன். கீத் அதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, வினிஃப்ரெடைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூரையைத் திறந்துபோட்டு, மழையிலேயே ஓட்டிக்கொண்டு போனான். இருவரும் பள்ளிப் பிள்ளைகள்போலச் சிரித்தது திருப்பம் வரை கேட்டது. நாங்கள் எங்கள் மெர்லின்களுக்குப் போர்வையை இழுத்துவிட்டோம்.

வீட்டுக்குப் போய்ச் சான்றிதழின் நகலைக் கோப்பில் வைக்கும்போதுதான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். "இது உண்மையிலேயே ஓடுகிற வண்டி, ஆகவே மற்ற உறுப்பினர்களின் வண்டிகளோடு இதை ஒப்பிடக் கூடாது." இத்தனை வருஷத்தில் எங்கள் குழு உண்மையை எழுதி முத்திரையும் குத்தியது அதுவே முதல் முறை. அடுத்த கூட்டத்தில் அதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டோம், ஏகமனதாக நிறைவேறியது.