ஊன்றுகோல் சொன்னபடி விதைத்தேன்

ஸ்டைன்விக்,
செப்டம்பர் கடைசி வாரம், மழை.

மரியாதைக்குரிய மச்சான் சிவர்ட் அவர்களுக்கு, தங்கள் தங்கை குன்வோரின் கணவன் இங்வால்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் கோழிகளும் சுகம். தெற்கே பெர்கனில் தாங்களும் தங்கள் மூட்டுவலியும் எப்படி என்று அறிய ஆவல். குன்வோரின் கால் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, நடனம் தவிர எல்லாம் செய்யலாம் என்றார். அவள் என்றைக்கு நடனம் ஆடினாள் என்று கேட்டேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். தங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் எங்களுக்காகப் பிடித்துவைத்திருக்கும் வீட்டைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாங்கள் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ஏப்ரலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் வாசல்படியில் பனியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்ட அன்று நீங்கள் போனில், "வயசான காலத்துல அந்தக் குளிர்ல என்னய்யா வெச்சிருக்கு, ரெண்டு பேரும் இங்க வந்து சேருங்க" என்றீர்கள். தோட்டமில்லாமல் குன்வோரால் மூச்சுவிட முடியாது என்று நான்தான் மறுத்தேன். பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவள் அதைக் கேட்டு வெகுநேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சரிங்க, ஒண்ணு செய்யலாம். இந்த வருஷம் தோட்டத்தை நீங்க போடுங்க. நீங்க விளைவிச்சதை வெச்சு ஒரு விருந்து சமைக்க முடிஞ்சா இங்கயே இருப்போம். முடியலன்னா அண்ணன்கிட்ட போயிடுவோம்." அவள் கண் கலங்கியிருந்தது. தன் உயிரையே என் கையில் ஒப்படைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானோ காட் மீனைத் தவிர வேறொன்றும் அறியாதவன். ஊரார் விதைக்கும் காலத்தில் நான் கடலில் இருப்பேன், அறுக்கும் காலத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பேன். காய்கறியை நான் பார்த்த இடம் தட்டு ஒன்றுதான். போன இலையுதிர்காலத்தில் படகை விற்றதிலிருந்து என் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன. சரி என்றேன்.

மே மாதம் பனி உருகியதும் கரையில் ஒதுங்கிய கடற்பாசியை வண்டி வண்டியாக அள்ளிவந்து மண்ணில் புதைத்தேன். அது எனக்குத் தெரிந்த சரக்கு. அதற்கப்புறம் எல்லாம் குன்வோரின் ஊன்றுகோல்தான். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, குளிருக்காக மூடியே இருக்கும், அவள் கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து கோலால் கண்ணாடியைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இடப்பக்கம், இரண்டு என்றால் வலப்பக்கம், மூன்று என்றால் அங்கேயே போடு. கேரட் என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிரித்தால் உள்ளே தூசி. "இது பழசாகிப் பொடிஞ்சுபோச்சு போல" என்றேன். "அதுதாங்க விதை" என்றாள். நம்பவே இல்லை, இருந்தாலும் கொண்டுபோனேன். அன்றைக்குப் பார்த்து வடமேற்குக் காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று தட்டு விழுந்தது. உத்தரவு உத்தரவுதானே, தூவினேன். முக்கால்வாசி வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு யோருனின் ஜல்லிப் பாதையில் போய் விழுந்தது. முட்டைக்கோஸ் நாற்றைப் படகுக்கொட்டகைக்குப் பின்னால் கல்லாய்க் கிடக்கும் மூலைக்குத் தட்டித் தட்டி அனுப்பினாள். கல்தானே இருக்கிறது என்று சைகை காட்டினேன். மறுபடியும் மூன்று தட்டு. கடப்பாரையால் குழி போட்டேன். பட்டாணி கடல்பக்கம் போனது. பூவிதை முழுவதும் குப்பைமேட்டின் மேல். அனுபவசாலி சொன்னால் காரணம் இருக்கும் என்று நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பட்டாணியைப் பறவைகளிடமிருந்து காப்பாற்ற என் பழைய வலையை மேலே கட்டினேன். மறுநாள் காலையில் வலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே யோருனின் கிடா. எத்தனை வருஷம் வலை வீசியிருக்கிறேன், ரோமம் உள்ள எதுவும் மாட்டியதில்லை. யோருன் வேலியில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, அதைக் கரையேத்துறீங்களா, இல்ல உப்புப் போட்டுக் காயவெக்கிறீங்களா?" என்றாள். நான் வலையை அறுத்து முடிப்பதற்குள் அது பக்கத்துப் பாத்தியில் நான் போட்டிருந்த முள்ளங்கியைத் தின்று முடித்தது.

மச்சான், இனிமேல் எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பட்டாணி போட்ட இடத்தில் ஒரு காலை மண் வெடித்திருந்தது. எலி என்று நினைத்துக் குனிந்தேன். ஒரு பச்சைக் கழுத்து, தலை நிமிராமல் முதுகை வளைத்துக்கொண்டு, என் கட்டைவிரல் அளவு கல்லைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. கல்லை எடுத்துவிடலாம் என்று கை நீட்டினேன், மனம் வரவில்லை. வயிற்றின்மேல் படுத்துப் பார்த்தேன். காப்பி ஆறிப்போயிற்று. மதியத்துக்குள் கல் ஒருபக்கம் சரிந்து கிடந்தது, அது எதுவும் நடக்காததுபோல் இரண்டு இலையை விரித்துக்கொண்டு நின்றது. புயலில் படகு இறங்கி ஏறியதைப் பார்த்திருக்கிறேன், படகைவிட நீளமான திமிங்கிலம் அடியில் போனதைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்தபோது வந்த நடுக்கம் அப்போது வரவில்லை. அப்புறம் சூரியன் மறையாத வாரங்கள் வந்தன. எப்போது தூங்குவது என்று எனக்கும் தெரியவில்லை, செடிகளுக்கும் தெரியவில்லை. ஓயாமல் வளர்ந்தன. கல்மூலை முட்டைக்கோஸ் கல்லின் சூட்டைக் குடித்துக் குடித்து என் வலை மிதவை அளவுக்கு உருண்டது. காது வைத்தால் இலை இலையாகக் கிறீச்சிடும். யோருனின் ஜல்லிப் பாதையில் கேரட் நெடுக முளைத்ததால், அவள் காரை ரோட்டிலேயே நிறுத்த ஆரம்பித்தாள். "மிதிக்க மனசு வரலண்ணே" என்றாள்.

ஜூலையில் குப்பைமேட்டில் கசகசாப் பூ மொட்டு விட்டது. தும்மினால் காணாமல் போயிருக்கும் விதை அது. ஒரு மொட்டு என் கண்ணெதிரே பச்சை மூடியைத் தள்ளிவிட்டுக் கசங்கிய சிவப்புத் துணியாக வெளியே வந்து, காற்றில் மெல்ல மெல்லச் சுருக்கம் நீவிக்கொண்டது. இஸ்திரி போட்டவர் யார் என்று தேடினேன். என்னை அறியாமல் தொப்பியைக் கழற்றியிருக்கிறேன். அந்தப் பக்கம் வந்த யோருன், "என்னண்ணே, பிரார்த்தனையா?" என்று கேட்டாள். நான் விரலால் பூவைக் காட்டினேன். அவளும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

போன ஞாயிறு விருந்து. முட்டைக்கோஸும் ஆட்டிறைச்சியும் ஒன்றாக வேகவைத்தோம். இறைச்சி யோருன் கொடுத்தது (வலையில் விழுந்தவன் அல்ல, அவன் நலம்). நான் போட்ட உருளைக்கிழங்கை வெட்டியபோது உள்ளே வெண்ணெய் நிறம். குன்வோர் ஒரு வாய் சாப்பிட்டாள், இன்னொரு வாய் சாப்பிட்டாள், கரண்டியை வைத்துவிட்டு, "ஜெயிச்சிட்டீங்க" என்றாள். கண்ணில் தண்ணீர். அவள் தோட்டத்தை அவளுக்கு மீட்டுக் கொடுத்துவிட்டேன், மச்சான். அதனால் எங்களை மன்னித்து, அந்த வீட்டை வேறு யாராவது நல்லவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது பூண்டு நடும் காலம். கொட்டும் மழையிலும் மண் என்னைக் கூப்பிடுகிறது. தங்கள் மூட்டுக்குச் சூடும் மனதுக்கு அமைதியும் கடவுள் தரட்டும். அண்டை அயலாருக்கும் தங்கள் பூனைக்கும் எங்கள் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
இங்வால்ட்

பி.கு. அண்ணா, நான் குன்வோர். உறைமேல் விலாசம் எழுதச் சொல்லிக் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இவர் பூண்டு நடப் போயிருக்கிறார். படித்துவிட்டேன். தோட்டமில்லாமல் மூச்சுவிட முடியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இவர் கடலில் இருந்த வருஷமெல்லாம் முழங்கால் தேயத் தேய நான் ஒருத்தி போட்ட தோட்டம் அது. எனக்குச் சலித்துப் பல வருஷமாயிற்று. ஏப்ரல் முழுக்க உன் கட்டடத்து லிஃப்டை நினைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். வாய்விட்டுக் கேட்டால் எனக்காகக் கிளம்பி வந்து, அங்கே சும்மா உட்கார்ந்தே வாடிப்போவார். தானே தோற்று, தானே கிளம்பட்டும் என்று வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் தட்டினேன். காற்றில் கேரட், கல்லில் முட்டைக்கோஸ், குப்பையில் பூ, எல்லாம் என் சதி. அத்தனையும் முளைத்துவிட்டது. இத்தனை வருஷம் முறைப்படி செய்தும் எனக்கு அப்படி ஒரு முட்டைக்கோஸ் வந்ததில்லை. விருந்தன்று நான் அழுதது அந்த ஆத்திரத்தில்தான்.

ஆனால் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குப்பைமேட்டின் முன்னால் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தில்கூட இவர் அப்படி நின்றதில்லை. அதற்கப்புறம் ஒழுங்காகத்தான் தட்டினேன்.

அந்த மேல்மாடி வீட்டை விட்டுவிடாதே. கோடையில் இங்கே இருப்போம், அவர் தோண்டட்டும், நான் நாற்காலியில் இருப்பேன். நவம்பரில் சூரியன் போனதும் அங்கே வந்துவிடுகிறோம். இப்போதுதான் ஜன்னலைத் திறந்து, "அண்ணன் வீட்டு ஜன்னல் தெற்குப் பார்த்ததுங்க, குளிர்காலத்துலயே அங்க நாத்து விடலாம்" என்றேன். பூண்டை அப்படியே போட்டுவிட்டுச் சேறோடு உள்ளே ஓடிவந்து, ஜன்னல் திட்டு எவ்வளவு அகலம் என்று உடனே கேட்டு எழுதச் சொல்கிறார். அளந்து சொல், அண்ணா. கொஞ்சம் குறைத்தே சொல்.