ஆளில்லாத தெருவின் அதிகாரபூர்வப் படம்

ஊரடங்கு போட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. கல்யாணங்கள் நின்றுபோனதால் கல்யாண போட்டோகிராபருக்கு வேலை இல்லை. வட்டார அலுவலகம் வாராவாரம் கொடுத்த நிவாரணப் பையில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. கை சும்மா இருக்குமா? மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று தெருவைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். தாடைக்கு முகக்கவசம் போட்ட காய்கறிக்காரர், ஒரே நாயை முறை வைத்து நடக்கக் கூட்டிப்போகும் நான்கு குடும்பங்கள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அலுவலகம் சிரிக்கவில்லை. மறுநாளே கண்காணிப்பாளர் வாசலில் நின்றார்.

"படத்துல பதினோரு பேர் இருக்காங்க. எங்க அறிக்கைப்படி தெருவுல யாருமே இல்ல. அப்ப உங்க படம் தப்பு."

"கேமரா பொய் சொல்லுமா சார்?"

"அறிக்கையில முத்திரை இருக்கு. படத்துல இருக்கா?"

இல்லை என்று போட்டோகிராபர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ஆள் நடமாட்டம்னு மேலிடத்துக்குத் தெரிஞ்சா மொத்தத் தெருவுக்கும் பை நின்னுடும். பாத்துக்குங்க."

போட்டோகிராபர் அவசரமாகத் தலையாட்டினார். "அழிச்சிடுறேன் சார். கல்யாண ஆல்பத்துல சண்டை போட்ட சித்தப்பாவையே தடம் தெரியாம அழிச்ச கை இது."

பதினோரு பேரையும் அழித்துப் படத்தை அலுவலகத்துக்கு அனுப்பினார். நாயை மட்டும் விட்டுவைத்தார். அறிக்கையில் நாயைப் பற்றிப் பேச்சில்லை. மேலிடம் பூரித்துப்போய் அவரை 'வெறுமைப் பதிவு அலுவலர் (ஊதியமின்றி)' என நியமித்து ஆணை பிறப்பித்தது.

அடுத்த வாரம் பை வரவில்லை. பதறிப்போய் போன் போட்டார்.

"அந்தத் தெருவுல யாரும் வசிக்கலையே. நீங்க அனுப்பின படமே சாட்சி," என்றார் கண்காணிப்பாளர்.

"நான் பேசுறேனே சார்!"

"பேசுறீங்க. படத்துல இல்லையே."

கெஞ்சிக் கூத்தாடியதில் திருத்திய ஆணை வந்தது. தெருவுக்கு நாற்பது பை. படத்தில் ஜன்னலில் ஆள் தெரியும் வீடுகளுக்கு மட்டும் சமமாகப் பிரித்துத் தரப்படும். படமெடுப்பவர் வீடு படத்தில் விழாது என்பதால் அவர் மனைவி எதிர்வீட்டு அக்காவின் ஜன்னலில் இடம் கேட்டு நின்றார். எல்லாரும் தலைசீவிச் சிரித்தார்கள். கிளிக்!

அன்று மாலைக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது. எல்லாரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

"தம்பி, பக்கத்து வீட்டை மட்டும் படத்துலேர்ந்து எடுத்துடுப்பா. அவங்களுக்கு எதுக்குப் பை? நமக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்குமே."

எதிர்வீட்டு அக்கா, தன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றவளை எடுக்கச் சொன்னார். ஒட்டிக்கொண்டு நின்ற மனைவி வீட்டுக்கு வந்து, "அந்த அக்காவ எடுத்துடுங்க," என்றார்.

போட்டோகிராபருக்கு மனசு கசந்துபோனது. ஆனால் இப்போது அவர் அலுவலர். ஒருவர் மனுவை ஏற்று இன்னொருவர் மனுவைத் தள்ளுவது பாரபட்சம் அல்லவா? எல்லா மனுக்களையும் ஏற்றார்.

திறந்த ஜன்னல்கள் மட்டும் இருந்த அந்தப் படத்தைக் கண்காணிப்பாளர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இப்பதான் சார் ஜனங்க ஒத்துழைக்க ஆரம்பிச்சிருக்காங்க!"

"பை எப்ப சார் வரும்?"

"யாருக்கு?"