ஆவணிக் கடைசியில் வந்த ஜீவனாம்சம்

இந்த உலகத்தில் பொய்யே சொல்லாத காகிதம் ஒன்று உண்டென்றால், செக் திரும்பி வரும்போது பேங்கில் கூடவே வைத்துக் கொடுப்பார்களே, அந்தத் துண்டுச் சீட்டுதான். 'போதிய பணமில்லை' என்று ஒரே வரி. என் கல்யாண வாழ்க்கையைப் பற்றி அத்தனை சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை.

நாமக்கல் கோர்ட்டில் எங்களுக்கு விவாகரத்து ஆனபோது, மகள் தாரணியின் செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பதாக அவள் அப்பா ஒப்புக்கொண்டார். தேதி போட்ட செக்குகளை ஒரு கட்டாகவே கொடுத்தார். முதல் இரண்டு பாஸாயின. அடுத்த மூன்றும் வரிசையாகத் திரும்பின. அவர் கணக்கில் பணம் இல்லாததற்கு என் கணக்கிலும் அபராதம் பிடித்தார்கள். (ஏமாறுவதற்கும் ஒரு கட்டணம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.)

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்ப்பதே செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில். பில் போடுவதும் செக் வாங்குவதும் என் பொறுப்பு. ஒரு வியாபாரி செக்கை நீட்டும் விதத்தைப் பார்த்தே அது தேறுமா, திரும்புமா என்று சொல்லிவிடுவேன். முதலாளி அதற்காகவே என்னை மெச்சுவார். அப்பேர்ப்பட்ட மூளை, சொந்த விவகாரம் என்று வந்தால் மட்டும் லீவு எடுத்துக்கொள்ளும்.

தாரணி அப்போது ஒன்பதாம் வகுப்பு. இரண்டாம் பருவக் கட்டணம் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். வக்கீலம்மா உடனே நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். நான்தான் பெரிய ராஜதந்திரி ஆயிற்றே, நானே பேசிக்கொள்கிறேன் என்று போனை எடுத்தேன்.

"ஏனுங்க, மூணு செக்கும் திரும்பிருச்சுங்க" என்றேன். (கோர்ட் எங்களைத்தான் பிரித்தது. இந்த 'ங்க'வை என் வாயிலிருந்து பிரிக்க அதற்கும் அதிகாரம் இல்லை போலிருக்கிறது.)

அவருக்கு நாமக்கல்லுக்கு வெளியே கோழிப்பண்ணை. தீவன விலையில் ஆரம்பித்துக் கோழிகளுக்கு வந்த கழிச்சல் வரை ஒன்றுவிடாமல் சொல்லிப் புலம்பினார். கேட்ட எனக்கே கண் கலங்கிவிட்டது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"காசுதான் இல்ல அம்மிணி, முட்டை கெடக்குது. மூணு மாசத்துக்கும் சேத்து லோடு ஏத்தி உடறேன். நீதான் மண்டியில இருக்கறயே, ஒரே நாள்ல வித்துப்போடலாம்."

அன்றைய முட்டை விலையைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். எனக்கு வர வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். கட்டணம் போக மிச்சத்தில் தாரணிக்கு ஒரு சைக்கிள் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் சாயங்காலம், அம்மாபேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் முன் குட்டி லாரி வந்து நின்றது. டிரைவர் ஒரு ரசீதை நீட்டினார். மூன்று மாத ஜீவனாம்சத்தையும் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. மண்டியில் போடும் அதே அழகான கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஐயாயிரம் முட்டை அட்டை அட்டையாக மாடி ஏறியது. கட்டில் மேல் முட்டை, பீரோ மேல் முட்டை, சாமி படத்துக்குக் கீழேயும் முட்டை. நானும் தாரணியும் படுக்க நடுவில் ஒரு சந்து மிஞ்சியது.

கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நாளைக்குப் புரட்டாசி பொறக்குது. இவ்ளோ முட்டைய வச்சு என்ன பண்ணப் போற?"

அந்த வாரம் முழுக்கப் புரட்டாசி விரதத்துக்கென்று பருப்பும் வெல்லமும் மூட்டை மூட்டையாகப் பில் போட்டவள் நான். இனி ஒரு மாதத்துக்குப் பாதி ஊர் கறி, முட்டை பக்கம் திரும்பாது, விலையும் படுத்துவிடும். இது எனக்கு உறைக்கவில்லை. கோழிப்பண்ணைக்காரருக்கா தெரியாமல் இருக்கும்?

போன் செய்தேன். தான் பெருமாளுக்கு விரதம் இருப்பதாகவும், இந்த நேரத்தில் முட்டையைப் பற்றிப் பேசுவது மனசுக்கு ஒப்பவில்லை என்றும் சொன்னார். "அதுதான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டயே அம்மிணி" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடை பாக்கியில்லாமல் ஏறி இறங்கினேன். ஐப்பசியில் வரச் சொன்னார்கள். என்னை மெச்சும் முதலாளி கல்லாவுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று வேளையும் ஆம்லெட் போட்டோம். (பெருமாள் கோபித்துக்கொண்டால் தாரணியின் அப்பாவைக் கேட்டுக்கொள்ளட்டும்.)

முதல் சனிக்கிழமை, சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று ஆறு அட்டைகளை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். கீழே வீட்டுக்கார அம்மா வாசலில் பெரிதாக நாமம் போட்ட கோலமும், மாவிளக்கும், சுற்றிப் பூவுமாக வைத்திருந்தார். மேல்படியில் கால் வழுக்கியது. நான் கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்துக்கொண்டேன். முட்டைகளுக்குப் பிடித்துக்கொள்ளக் கையில்லை. படி படியாக இறங்கி, மஞ்சளும் வெள்ளையுமாகக் கோலத்துக்குள் புகுந்து, விளக்கைச் சுற்றிக்கொண்டுதான் நின்றன.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். மஞ்சள் தண்ணீர், சீயக்காய், எலுமிச்சை என்று எல்லாம் போட்டுக் கழுவினேன். தீபாவளி வரைக்கும் அந்தப் படிக்கட்டில் வாடை போகவில்லை.

அன்றைக்கு நிஜமாகவே பயந்துபோனேன். முட்டை அழுகிவிடும், பரீட்சை வந்துவிடும், என் புத்திசாலித்தனத்துக்குத் தாரணி வகுப்புக்கு வெளியே நிற்பாள். கடைசியில் ஒரு பேக்கரிக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். (விரதத்தில் முட்டையைத் தொடாதவர்கள் கேக்கை மட்டும் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. என் பிழைப்பும் அதில் இருந்தது.) கட்டணத்தில் குறைந்த தொகைக்குக் காதுத் தோட்டை அடகு வைத்தேன். தாரணி பரீட்சை எழுதினாள்.

ரசீதின் நகலைப் பார்த்த வக்கீலம்மா அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அதுல ஒரு முட்டை மிச்சம் இருந்தா கொண்டாங்க, சாட்சியா நிறுத்தலாம்" என்றார். அந்த மூன்று மாதம் போனது போனதுதான். அடுத்த செக் திரும்பியபோது நான் யாருக்கும் போன் செய்யவில்லை, நோட்டீஸ்தான் போனது. அதன்பிறகு பணம் ஒழுங்காகப் பேங்கில் விழுந்தது.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஜீவனாம்சம் என்ற வார்த்தை அத்தோடு வழக்கொழிந்துவிட்டது. வெண்ணந்தூரிலிருந்து என் அண்ணன் போன் செய்தால், "இந்த மாசம் முட்டை வந்துருச்சா?" என்றுதான் கேட்பார். தாரணிக்குப் பதினெட்டு முடிந்து பணம் நின்றபோதும், கோழி கிழடாகிவிட்டது என்று சிரித்தோம்.

தாரணி இப்போது கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள். முதல் சம்பளம் வாங்கிய அன்று, மண்டியில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது என் கைபேசி கூவியது. அவள் அப்பா மாதாமாதம் தர வேண்டியிருந்த அதே தொகை என் கணக்கில் விழுந்திருந்தது, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணீர் மறைத்ததால் கீழே அவள் எழுதியிருந்ததைப் படிக்கக் கொஞ்ச நேரமானது.

"முட்டை அனுப்பிச்சிருக்கேன். ரசீது ஏதாச்சும் நீட்டுனா கையெழுத்துப் போட்டுறாதம்மா."