ஏசண்டு அம்சவேணி

ஆடி முதல் தேதி காலையில், ஈரத் துண்டோடு நின்று ஒரு சபதம் செய்தேன். இனி பட்டுக் கடையில் புடவை விரிப்பதில்லை. உலகத்தின் முன்னால் என் குரலை விரிப்பேன்!

நான் பலகுரல் கலைஞன். யானை, ரயில், தறி, பூனை நான்கும் என் தொண்டைக்குள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின. ஒரு தடவை பெருமாள் கோயில் யானையே என் பிளிறலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது. பாகன் மட்டும் கெட்ட வார்த்தையில் பாராட்டினான்.

"கலைஞன்னா ஒரு ஏஜெண்டு வேணும், அம்சா," என்றேன் மனைவியிடம்.

"ஏசண்டா? ஏசறதுக்கு நான் ஒருத்தி பத்தாதா?"

அம்சவேணிக்குக் கலை புரியாது. மதராசுக்குப் பஸ் ஏறினேன்.

முதல் ஏஜெண்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் ரயிலாகக் கூவினேன். "ஐயோ, அரக்கோணம் வண்டி!" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் திரும்பி வரவே இல்லை. இரண்டாவது ஏஜெண்டு போட்டோ அனுப்பச் சொன்னார். குரலை எப்படிப் போட்டோ பிடிப்பது? வாயை முழுசாகத் திறந்துகொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். 'பல் டாக்டர் பக்கத்து வீடு' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாமவர் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று தறிச் சத்தம் போட்டேன். உள்ளேயிருந்து, "யாருப்பா அது, தறிகெட்டவன்?" என்று குரல் வந்தது. குரல் நன்றாகத்தான் இருந்தது.

சோர்ந்து போய் வீட்டுக்கு வந்தேன். அம்சவேணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாங்க, ஆப்டலியா?"

"ஆப்டல."

"அப்போ நானே இருந்துடறேன்."

"எதுவா?"

"ஏசண்டாத்தான். எனக்கு நாலு பேரைத் தெரியும். உங்களுக்கு நாலு சத்தம்தானே தெரியும்?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எழுதுங்க. ஏசண்டு பிடிக்கிற நிகழ்ச்சிக்கு ஆர்ட்டிஸ்ட் மாட்டேன்னு சொல்லக் கூடாது. சொன்னா அன்னிக்கே கலையைத் தலைமுழுகணும்."

"மாட்டேன்னு எந்தக் கலைஞனாவது சொல்வானா, பைத்தியம்!"

கையெழுத்தைப் பூப்போட்டுப் போட்டேன். ரசிகர்களுக்குப் போட்டுப் பழக வேண்டாமா?

நாலாம் நாளே நிகழ்ச்சி கிடைத்துவிட்டது. வாலாஜாபாத்தில் அக்பர் பாய் நெல் ஆலை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சில்க் ஜிப்பா மாட்டிக்கொண்டு போய் இறங்கினேன். பாய் வாசலுக்கே வந்து மரியாதையாகக் கையைப் பிடித்து ஒரு கிடங்குக்குள் அழைத்துப் போனார். சுற்றிலும் கூரை முட்ட நெல் மூட்டைகள். ஒரு நாற்காலிகூட இல்லை.

"ரசிகர்கள் எங்க, பாய்?"

"மெதுவாப் பேசுங்க சார். எல்லாம் உள்ளதான் இருக்காங்கோ."

"எத்தனை பேர்?"

"ஐநூறு, அறுநூறு இருக்கும். குடும்பம் குடும்பமா இருக்கறாங்கோ."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தும்பிக்கை போலக் கையைத் தூக்கினேன்.

"யானை வாணாம் சார். பூனை."

"ரயில்?"

"பூனை."

"சரி, ஒரு சின்ன முன்னுரை..."

"பூனை சார்!"

பிடித்தேன் பூனையை. முதலில் பசித்த பூனை. பிறகு கடுவன் பூனை. கடைசியில் இரண்டு பூனைகள் ஒரு சுவருக்காகச் சண்டை போடுவது. அது என் உருப்படிகளிலேயே உயர்ந்தது. முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் கண்ணை மூடி நின்றேன். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து படபடவென்று வந்தது. அடடா, என்ன கைதட்டல்! கண்ணைத் திறந்தேன்.

என் கால்களுக்கு நடுவே எலிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய எலி, சின்ன எலி, பிள்ளைத்தாய்ச்சி எலி. பாய் சொன்னபடியே குடும்பம் குடும்பமாக.

"சபாஷ்! நிறுத்தாதீங்க சார்! பூராவும் போவட்டும்!"

ரசிகர்கள் எழுந்து ஓடுவதைப் பார்த்த கலைஞர்கள் பலர் இருக்கலாம். அதற்காகச் சபாஷ் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். அது பூனைக் குரலிலேயே வந்தது.

"எலிக்குக் கச்சேரி பண்ணவா என்னை அனுப்பிச்சே?"

"எலின்னா மட்டமா? மதராஸ்ல ஒரு மனுசன் கேட்டானா உங்களை? இதுங்க ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரிக்கும் கேட்டுதுங்கல்ல? அத்த வுடுங்க. அடுத்த நிகழ்ச்சி பெருசு. அய்யம்பேட்டைல பொன்னியம்மா வேர்க்கடலைக் கொல்லை. ஏழு நாள். திறந்தவெளி."

"திறந்தவெளியா?" கோபம் கொஞ்சம் இறங்கியது.

"மேக்கப்பும் அவங்களே போடறாங்க."

"மேக்கப்பா!" முழுசாக இறங்கிவிட்டது.

"கரியும் சுண்ணாம்பும். தலைல ஒரு சட்டி. ரெண்டு கையையும் இப்படி நீட்டிக்கினு நிக்கணும். காக்கா வந்தா மட்டும் கத்தினாப் போதும்."

"மாட்டேன்!"

அவ்வளவுதான். அந்தத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். என் கையெழுத்து வந்த இடத்தில் மட்டும், "அழகா இருக்குதுங்க," என்றாள்.

"இனிமே என் கதி? வேலையையும் வுட்டாச்சே, அம்சா!"

"யார் வுட்டது? தொண்டை சரியில்லன்னு அன்னிக்கே உங்க முதலாளிகிட்டப் போய் லீவு சொல்லிட்டு வந்துட்டேன். திங்கக்கிழமை வரச் சொன்னாரு."

திங்கட்கிழமை போனேன். "தொண்டை எப்படி இருக்குது?" என்றார் முதலாளி. சரியாகிவிட்டது என்றேன்.

ஆவணியில் அக்பர் பாய் தன் மகள் ஷமீம் பானுவின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். விரித்துக் காட்டினேன். ஆனாலும் கலைஞன் மனசு கேட்கவில்லை.

"ஆலைல இப்ப எப்படி, பாய்?"

"உங்க சம்சாரம் வேற ஒருத்தரை அனுப்பிச்சாங்களே! நிஜப் பூனை. வயசானது. இன்னா இருந்தாலும் உங்க குரல் வராது சார்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாய் ஒரு மாம்பழக் கலர் புடவையைத் தடவிப் பார்த்தபடியே சொன்னார்:

"ஆனா ஒண்ணு சார், அது நடுவுல கண்ணை மூடிக்கினு கைதட்டலுக்கு நிக்கறதில்ல."