இரண்டாம் வயலின் ஏரிக்குப் போன மாலை

தை மாதம், இரண்டாம் ஞாயிறு, மாலை. இடம்: பழவேற்காட்டை அடுத்த கோட்டைக்குப்பம், வலை பின்னும் கூடம். சென்னையிலிருந்து நான்கு இசைக்கலைஞர்கள் வந்தனர். புதிதாக அச்சிட்ட இசைப் புத்தகங்கள் முன்னரே வந்து சேர்ந்திருந்தன. கச்சேரி தாமதமாகத் தொடங்கியது. மூவர் வாசித்தனர், ஒருவர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். இடையில் கூட்டத்திலிருந்து ஓர் ஆண்குரல் எழுந்தது.

நடந்தது இவ்வளவே. அந்தக் குரல் என்னுடையது என்பதால் மேலும் சிறிது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு காரியத்தைச் செய்ய எளிய வழி இருந்தால், படித்தவன் அந்த வழியை அடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். நான் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். என் மனைவி வசந்தா பழவேற்காட்டில் பள்ளி ஆசிரியை. மேற்கத்திய முறையில் வயலின் வாசிப்பவள். ஓர் அறைக்குள் நான்கு பேர் கூடி வாசிப்பதற்கென்று பரோக் காலத்தில், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஓர் இசைத் தொகுதியை அவள் கையால் படியெடுத்து வைத்திருந்தாள். "இது ஒரு தடவை அச்சுல வரணும்" என்பாள். சென்ற ஆண்டு இறந்துபோனாள். அதை அச்சிட்டு, நால்வர் சேர்ந்து வாசிக்க ஒருமுறை முழுமையாகக் கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு விருப்பம் இருக்கவில்லை.

ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம். (எடுத்திருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.) நானோ அக்காலப் பதிப்பாளர்கள் செய்தபடியே செய்வதென்று முடிவெடுத்தேன். அவர்கள் எல்லாக் கருவிகளுக்குமான இசையை ஒரே புத்தகத்தில் அச்சிட்டு விற்பது அரிது. முதல் வயலினுக்கு ஒரு புத்தகம், இரண்டாம் வயலினுக்கு ஒன்று, செல்லோ என்னும் பெரிய வயலினுக்கு ஒன்று, விசைப்பலகை வாத்தியத்துக்கு ஒன்று. நான்கும் சேர்ந்ததே ஒரு தொகுதி. முன்பதிவு செய்தோரின் பெயர்களை முகப்பில் அச்சிடுவதும் உண்டு.

"பேரு அச்சுல வருமா சார்?" என்று கேட்டாள் மீன் விற்கும் நாகம்மா. அவள் பிள்ளைகள் அனைவரும் வசந்தாவிடம் படித்தவர்கள்.

"வரும்."

"அப்ப போடு சார். என் வூட்டுக்காரு பேரு வாணாம். டீச்சரம்மாவ அவருக்கு இன்னா தெரியும்? என் பேரு மட்டும் போடு."

குப்பமே பதிவு செய்தது. பலர் விலையை இறாலாகச் செலுத்தினர். ஐரோப்பாவின் எந்த இசைப் பதிப்பாளரின் வீடும் இப்படி நாறியிருக்காது.

"பிடிஎஃப் அனுப்புங்க சார், ப்ராக்டிஸ் பண்ணிட்டு வர்றோம்" என்று தொலைபேசியில் கேட்டார் இரண்டாம் வயலின் வாசிக்கும் பெண்மணி.

"பதினெட்டாம் நூற்றாண்டில் பிடிஎஃப் கிடையாது" என்றேன். வாங்கிய புத்தகத்தை அங்கேயே பிரித்து வாசிப்பதுதான் அழகு என்று விளக்கினேன். "சரிங்க சார்" என்று இணைப்பைத் துண்டித்தார். (அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.)

அச்சகத்திலிருந்து நான்கு கட்டுகள் வந்தன. கட்டுக்கு ஒரு கருவி. எனக்குக் காய்ச்சல். கரையில் மீனைக் கூறு போட்டுப் பங்கு பிரிக்கும் ஆறுமுகத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்து, "எல்லாருக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

பிரித்தார். எப்படிப் பிரித்தார் என்பதைக் கச்சேரிக்குச் சற்று முன் அறிந்தேன்.

"வயலின் கட்டு ரெண்டும் தடிமன். மத்த ரெண்டும் மெலிசு. அதனால மெலிசு ரெண்டும் சேந்து ஒரு கூறு, தடிச்சது ஒன்னொன்னும் ஒரு கூறு. மூணு கூறு, மூணு படகு. சீட்டுப் போட்டு எடுத்துக்கினாங்க. கையில தூக்கிப் பாத்தேன் சார், எவனும் குறை சொல்ல முடியாது."

"அப்படியானால் இரண்டாம் வயலின் முழுவதும்?"

"செல்வம் படகுக்கு வுழுந்துச்சு."

"செல்வம் எங்கே?"

"ஏரில. இன்னிக்கு அவங்க பாடு."

ஏரியில் எந்தப் படகினர் எந்த நாள் எங்கே வலையிடலாம் என்று வைத்திருக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாட்டை விட்டுவிட்டு ஒருவன் ஆம்ஸ்டர்டாம் இசை கேட்க வருவான் என்று நம்புமளவுக்கு நான்கூடப் படித்தவனல்லன்.

"புத்தகங்கள் அவர் வீட்டில் இருக்குமே?"

"எங்க இருக்கு?" என்றாள் நாகம்மா. "டீச்சரம்மா புக்கு ராசின்னு கட்டோட படகுல ஏத்திக்கினு போயிட்டான். பிளாஸ்டிக் சுத்தியிருக்கான், நனையாது. நீ கவலப்படாத சார்."

கவலைப்பட்டேன். அச்சகத்தாரின் தொலைபேசி ஞாயிற்றுக்கிழமைக்குரிய உறக்கத்தில் இருந்தது. வசந்தாவின் கைப்பிரதியும் அங்கேதான். எனக்கென்று இருந்த தொகுதியும் கட்டுகளுக்குள்ளேயே போயிருந்தது. இரண்டாம் வயலின் பெண்மணி என்னைப் பார்த்து, "அந்தப் பிடிஎஃப்..." என்று தொடங்கி, நாகரிகம் கருதி நிறுத்திக்கொண்டார்.

மற்ற மூவரும் வாசித்தனர். விரைவான பகுதி ஒருவாறு கடந்தது. மெதுவான பகுதியில் முதல் வயலின் எதையோ கேட்டுவிட்டு நின்றது. பதில் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. மறுபடியும் கேட்டது, மறுபடியும் காலி. அப்போது ஒரு வாய் திறந்தது. என் வாய்.

வசந்தா வாசித்தது எப்போதும் இரண்டாம் வயலின்தான். அடுத்த அறையில் அந்த ஒற்றைப் பகுதியை மட்டும் பயின்றுகொண்டிருப்பாள். "மீதிப் பாட்டு எப்போது வரும்?" என்று நான் செய்தித்தாளுக்குப் பின்னிருந்து சலித்துக்கொள்வேன். மற்ற பகுதிகள் எனக்குத் தெரியாது. இது மட்டும் ஒரு சுரம் விடாமல் தெரிந்திருந்தது. தெரியும் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

"தா... ரா... ரா..."

"சாருக்கு இன்னா ஆச்சு? சோடா குடுங்க யாராச்சும்!"

"சும்மா இரு நாகம்மா, சார் பாடுறாரு."

"இதுவா பாட்டு?"

நிறுத்த முயன்றேன், இயலவில்லை. சுருதி காட்டுப்பள்ளித் துறைமுகம் வரை போய்த் திரும்பியது. மேடையில் அந்தப் பெண்மணி மெல்ல வில்லை எடுத்து, என் ஓலத்திலிருந்து சுரங்களைப் பொறுக்கி, ஒரு மூச்சு பின்தங்கியவாறே என்னுடன் வந்தார். அந்தப் பகுதி முடியும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

என் மகள் அதைக் கைப்பேசியில் பிடித்துவிட்டாள். இப்போது எங்கள் உறவில் எந்தத் திருமணத்திலும் நாதசுரக்காரர் வரத் தாமதமானால், "பெரியப்பா இருக்காரே, எதுக்குக் கவலை?" என்கிறார்கள். நாகம்மா வாசலில் "மீனு" என்று கூவுவதையே விட்டுவிட்டாள். "தா ரா ரா" என்கிறாள். (சுருதி என்னைவிடச் சுத்தம்.)

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

புத்தகங்களைத் திரும்பப் பெற்று முழுத் தொகுதிகளாகச் சேர்த்தல். (அன்று செல்வத்துக்கு நல்ல மீன்பாடு; கட்டைப் படகிலிருந்து இறக்க மறுக்கிறார்.)

நாகம்மாவின் கணவர் பெயரை அடுத்த பதிப்பில் சேர்த்தல். (அவர் என்னோடு பேசுவதில்லை.)

வசந்தாவின் கைப்பிரதியை அச்சகத்திலிருந்து வாங்கி வருதல்.

அந்த இசையைக் கேட்டல். அன்று நான் பாடிக்கொண்டிருந்தேன்.