லிஃப்டின் காலுக்கு வைத்த தேசிக்காய்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. காஸ் சிலிண்டர் மாற்றினால் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் சாரதிக்கு நித்திரைக் கண்ணா என்று பார்ப்பேன். அப்படிப்பட்ட நான்தான் என் மாமனாரை, வேட்டி சால்வையோடு, மோட்டார் சைக்கிளில் இருத்தி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, வீட்டு விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு அனுப்பி வைத்தேன். அதுவும் பாதுகாப்பெல்லாம் சரிபார்த்த பிறகு.

அப்போது தர்மபுரத்தில் எங்கள் வீட்டு முன்விறாந்தைதான் என் கராஜ். குந்தியிருந்து மோட்டார் சைக்கிள்களைத் திருத்தித் திருத்தி முதுகு நிமிர மறுத்துவிட்டது. அதனால் பழைய இரும்புகளை வாங்கி வெல்டிங் செய்து, லொறி ஜக் ஒன்றைப் பொருத்தி, மோட்டார் சைக்கிளைத் தூக்கி வைக்கிற ஒரு மேடை செய்தேன். அதற்கு லிஃப்ட் என்று பெயர். (பார்த்தவர்கள் வேறு பெயர்களும் சொன்னார்கள்.)

மாமாவுக்கு ஒட்டுசுட்டானில் வீதியோரமாக ஒரு காணி இருந்தது. அங்கே ஒழுங்கான கராஜ் ஒன்று போடவேண்டும் என்பது என் ஆசை. மனைவி வதனி மூலம் கேட்டுப் பார்த்தேன். "பாப்பம்" என்றார். பிறகு, வெள்ளிக்கிழமை தானே வந்து லிஃப்டைப் பார்ப்பதாகவும், தன் மோட்டார் சைக்கிளில் கேட்கிற 'டொக்கு டொக்கு' சத்தத்தை நான் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் தகவல் வந்தது. அவருக்குப் பிடித்தால் காணி. பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் குந்தல்தான்.

போனில் வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் விளக்கமாகச் சொன்னான்: வண்டியைவிடக் கூடிய பாரம் ஏற்றிப் பார், முன்சில்லை இறுக்கு, ஜக் இறங்கினாலும் மேடை விழாதபடி குறுக்குக் கம்பி போடு, கால்களை நிலத்தில் துளைபோட்டு போல்டால் பூட்டு. கடைசியைத் தவிர எல்லாம் செய்தேன்.

"துளையோ?" என்றாள் வதனி. அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு இரண்டு போக நெல்லை விற்று அவள் போட்ட டைல்ஸ் அது. "என்ரை டைல்ஸில ஓட்டை போட்டியள் எண்டால் உங்களையும் லிஃப்டையும் சேத்து றோட்டில விடுவன்."

இவ்வளவு பாரம் எங்கே போகப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நெல்மூட்டைகளை ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டேன். மேடை ஒரு விரல்கூட இறங்கவில்லை. தோளால் இடித்தேன். தோள்தான் நொந்தது. பெருமை தாங்கவில்லை. மூட்டைகளை இறக்கி விறாந்தை விளிம்போடு முற்றத்தில் போட்டேன்.

"உதுகளை உள்ளுக்கு எடுத்து வையுங்கோ, எலி வரப்போகுது" என்றாள் வதனி.

"நாளைக்கு" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு உருப்படியான சோம்பேறித்தனம் அது.

வெள்ளிக்கிழமை வதனி விறாந்தையை மஞ்சள் தண்ணீரால் கழுவினாள். லிஃப்டுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வரத்தம்பூ மாலை. புது வாகனத்தின் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிப்பதுபோல இதற்கும் செய்யவேண்டும் என்று தேசிக்காய்களோடு வந்தவள், தயங்கி நின்றாள்.

"இதுக்குச் சில்லு இல்லையே. எங்கை வைக்கிறது?"

அவளை அவள்பாட்டில் விட்டிருந்தால் முன்னால் வைத்துக் கும்பிட்டிருப்பாள். நான் என்ஜினியர் அல்லவா? "நாலு காலுக்கும் கீழ வை. பாரம் ஏறேக்கை தானா நசியும்" என்று சொல்லி, அலவாங்கால் ஒவ்வொரு காலாக நெம்பிக் கொடுத்தேன். (வெள்ளைக்காரன் தேசிக்காயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.)

மாமா வந்தார். மோட்டார் சைக்கிளை முற்றத்தைப் பார்த்தபடி ஏற்றி, முன்சில்லை இறுக்கி, ஜக்கை அடித்தேன். தேசிக்காய்கள் நச்சென்று நசிந்து சாறு பரவியது. நல்ல சகுனம் என்று வதனி கற்பூரத் தட்டு எடுக்க உள்ளே போனாள். நான் குறுக்குக் கம்பியைப் போட்டேன்.

"தம்பி, ஆள் ஏறினாலும் தாங்குமோ?"

'ஓம்' என்று சொல்லியிருந்தால் போதும். "நீங்களே ஏறி இருந்து பாருங்கோ மாமா" என்றேன்.

கதிரை போட்டு ஏறினார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சீற்றில் இருந்தார். உடம்பை அசைத்துப் பார்த்தார். "ஆடேல்லை" என்றார். காணி கிடைத்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"சரி, இப்ப அந்தச் சத்தத்தைக் கேளும்" என்று கிக்கரை உதைத்தார்.

எஞ்சின் அதிர, லிஃப்டும் அதிர்ந்தது. தட்டையான இரும்புக் கால், வழுவழு டைல்ஸ், மஞ்சள் தண்ணீர், தேசிக்காய்ச் சாறு, மழைத்தண்ணீர் வழிந்தோட விட்டிருந்த சரிவு. எல்லாம் ஒன்றுசேர, லிஃப்ட் மெல்ல நகரத் தொடங்கியது. மாமாவுக்குத் தெரியவில்லை. "ரேஸ் பண்ணேக்கைதான் கூடக் கேக்குது" என்று விளக்கியபடி போய்க்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வதனி கற்பூரத் தட்டோடு வெளியே வந்தாள். செவ்வரத்தம்பூ மாலைக்கு மேலே, உயரத்தில், தகப்பன் அசைந்து அசைந்து போகிறார். பழக்கதோஷத்தில் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அதன் பிறகுதான் "ஐயோ அப்பா!" என்று கத்தினாள்.

நான் பாய்ந்து பின்னாலே பிடித்தேன். என் செருப்பும் அதே தேசிக்காய்ச் சாற்றில்தான் நின்றது. தேரை நிறுத்தப்போனவன் தேரோடு சேர்ந்து போனேன். லிஃப்டின் முன்கால்கள் விளிம்பைத் தாண்டி இறங்க, மோட்டார் சைக்கிள் தலைகுப்புறச் சரிந்து, நான் உள்ளே எடுத்து வைக்காத நெல்மூட்டைகளில் மோதி நின்றது. லைற் உடைந்தது. மூட்டை கிழிந்து நெல் கொட்டியது. எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. கைபிடியை விடாமல் இருந்த மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, உமக்குச் சத்தம் கேட்டதோ?"

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று கண்டதும் நான் நிலத்திலேயே குந்தியிருந்து அழுதுவிட்டேன். வெட்கம் பார்க்கிற நிலையில் இல்லை.

லைற் இல்லாமல், யானை வருகிற பாதையில் பொழுதுபட்ட பிறகு ஒட்டுசுட்டானுக்குப் போக முடியாது. மாமா எங்கள் வீட்டிலேயே தங்கினார். காணி போய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

விடிந்ததும் அவர் விறாந்தையில் நின்றார். லிஃப்டின் கால்கள் டைல்ஸை நீளத்துக்கு உழுதிருந்தன. "ஏன் காலைப் பூட்டேல்லை?" என்று கேட்டார். நான் வதனியைப் பார்த்தேன். வதனி டைல்ஸைப் பார்த்தாள்.

"நான்தானப்பா ஓட்டை போட விடேல்லை" என்றாள்.

மாமா ஒரு கீறலைக் கால்விரலால் தடவிப் பார்த்தார். "இந்தப் பிள்ளையின்ரை வீட்டில உமக்குத் தொழில் செய்யேலாது தம்பி. என்ரை காணியில வந்து எத்தினை ஓட்டை வேணுமெண்டாலும் போடும். ஆனால் முதல்ல மேல ஏறி இருக்கிறது நீர். கிக்கர் அடிக்கிறது நான்."

அப்படியே நடந்தது. கொங்கிறீட்டில் பூட்டிய லிஃப்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் எஞ்சினை நிறுத்த அவசரப்படவேயில்லை.

தர்மபுரத்து டைல்ஸை மாற்ற வதனி இன்றைக்கும் விடமாட்டாள். நாலு துளைக்குச் சம்மதிக்காதவள், அந்த நீளக் கீறல்களை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். "இதாலைதான் அப்பா தேரில போனவர்."

பக்கத்தில் கதிரையில் இருக்கிற மாமா ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வாய் திறப்பார்.

"நான் போனது கிடக்கட்டும். அந்தச் சத்தத்தை இவர் இன்னும் கண்டுபிடிக்கேல்லை."