எழுபத்திரண்டு கிலோ நிசப்தம்

மனித நாகரிகம் இதுவரை எட்டியிருக்கும் உச்சத்தின் எடை எழுபத்திரண்டு கிலோ. அதை மூன்று மாடி சுமந்து ஏற்றியவன் நான். இடுப்பு இன்னும் நிமிரவில்லை. ஆகவே என் சாட்சியத்தை நம்பலாம்.

அது ஓர் ஆம்ப்ளிஃபையர். திறன் இரண்டு வாட். என் சைக்கிள் விளக்கே மூன்று வாட். ஆனால் 'நுண்செவியர் சங்க'த் தலைவர் இகுஷிமா ஐயாவின் கூம்பு ஸ்பீக்கர்களுக்கு இதுவே அதிகம். ஆள் நுழையும் அளவு வாய் அவற்றுக்கு. கொசு பெருமூச்சு விட்டால் கூடம் அதிரும். ஆம்ப்ளிஃபையரில் ஒரு பொட்டு இரைச்சல் இருந்தாலும் ஊருக்கே அறிவித்துவிடும். எனவே சங்கத்தார் பாட்டுப் போட்டுச் சோதிப்பதில்லை. பாட்டு இரைச்சலை மறைத்துவிடுமாம்.

கூலி வாங்காமல் சுமந்தேன். முப்பத்தொரு வருஷம் கப்பல் பட்டறையில், கப்பலின் வயிற்றுக்குள் உட்கார்ந்து இரும்பு தட்டியதில் என் காது போய்விட்டது. கத்தினால் கொஞ்சம் கேட்கும். மற்றபடி வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டிருந்தேன். அங்கே என் காதைப் பற்றிப் பட்டறையின் பழைய பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து கடிதம் கேட்டார்கள். அந்த அதிகாரி, இகுஷிமா ஐயாவேதான்.

"காது போச்சா? அப்புறம் நான் பேசறது மட்டும் எப்படிப் புரியுது?" என்று சிரித்தார். "சரி, இதை மேல ஏத்து. எழுதித் தர்றேன்."

ஞாயிறு பகல், ஐயா வீட்டு மூன்றாம் மாடி. குளிர்சாதனப் பெட்டி, சுவர்க் கடிகாரம் எல்லாம் நிறுத்தப்பட்டன. தலைவரும் ஆறு உறுப்பினர்களும் கண்ணை மூடி, ஒன்றும் பாடாத ஸ்பீக்கர் முன் இருபது நிமிடம் அமர்ந்திருந்தார்கள்.

"உறுமுது," என்றார் பல் டாக்டர் நகுமோ.

"உங்க வயிறா இருக்கும், டாக்டர்," என்றார் தலைவர்.

"என் வயிறு எனக்குத் தெரியாதா? அப்பவே சொன்னேன், என்னை மாதிரி வீட்டுக்குன்னு தனியா ஒரு கரண்டு கம்பம் நட்டுக்கோங்கன்னு. தெருவிலிருக்கிற ரைஸ் குக்கர் அழுக்கெல்லாம் உங்க கரண்டுல வருது."

"கம்பம் நட்டதுலேருந்து உங்க சம்சாரம் உங்ககூடப் பேசறதில்லையாமே?"

"அதான் எங்க வீட்டுல அவ்வளவு சுத்தமான அமைதி!"

வாக்கெடுப்பு நடந்தது. உறுமுகிறது, மூன்று. உறுமவில்லை, மூன்று. தலைவருக்கு ஓட்டு இல்லை. தேறாவிட்டால் அந்தப் பெட்டியைத் திரும்பக் கீழே இறக்க வேண்டும். என் இடுப்பு உறுமிற்று.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "டோபாஷி! நீ வந்து கேளுப்பா. இதைப் பத்தி எதுவுமே படிக்காத காது. கபடமில்லாத காது."

"ஐயா, எனக்குத்தான் காது..."

"அடக்கமெல்லாம் அப்புறம். தலையை ஸ்பீக்கருக்குள்ளே விடு."

விட்டேன். மெழுகு வாசனை. அரை மணி நேரம் போலிருந்தது. தோளைத் தட்டினார்கள், தலையை வெளியே எடுத்தேன்.

"என்ன கேட்டுது?"

"ஒண்ணுமே கேக்கலீங்க."

"நல்லாக் கவனிச்சியா?"

"சத்தியமாங்க. பத்து வருஷமா எனக்கு இப்படித்தான்."

டாக்டர் நகுமோ எழுந்து, இடுப்பு வரை குனிந்து என்னை வணங்கினார். கண் கலங்கியிருந்தது. "பத்து வருஷம்! இந்த நிசப்தத்தோடயே வாழ்றானய்யா மனுஷன்!"

ஆம்ப்ளிஃபையர் ஏகமனதாகத் தேர்வாயிற்று. எனக்குப் பச்சைத் தேநீர் தந்தார்கள்.

இகுஷிமா ஐயா சொன்ன சொல் தவறாதவர். மறுநாளே கடிதம் எழுதி முத்திரை வைத்து அலுவலகத்துக்கு அனுப்பினார்: 'மேற்படி டோபாஷியின் செவித்திறன் ஆறு நிபுணர்கள் முன்னிலையில் நேரில் சோதிக்கப்பட்டது. இவ்வட்டாரத்தில் இதற்கு இணையான காது இல்லை.'

மனு தள்ளுபடியாயிற்று. அலுவலகத்தார் வாழ்த்தும் தெரிவித்திருந்தார்கள்.

ஓடினேன். "ஐயா, என் பிழைப்பையே கெடுத்துட்டீங்களே!"

"நல்லா இருக்கேப்பா. மனசாரப் பாராட்டி எழுதினா கோவிச்சுக்கறே?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுபத்து மூன்று வயதிலும் அவர் காது பழுதில்லாதது. கப்பல் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தும் அது எப்படிக் கெடவில்லை என்று சங்கமே வியக்கிறது. ஒரு நாளாவது கப்பலுக்குள் இறங்கிப் பார்த்திருந்தால் அல்லவா கெடுவதற்கு?

எங்கள் பிரிவில் நாற்பது பேர். ஆளுக்கு இரண்டு காதடைப்பான் அவர் வாங்கித் தந்திருக்க வேண்டும். எண்பதும் இன்னும் பாக்கி.